வஞ்சிரம் வறுபடும் வரை

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். அடுப்படியில் தமயந்தி. கூடத்தில் அவள் கணவர் குலசேகரன். அவருக்கு எதிரே, நாற்காலியின் விளிம்பில் மட்டும் உட்கார்ந்து, எந்த நேரமும் எழுந்துவிடக் கூடியவனைப்போல முழங்கால்களைப் பிடித்துக்கொண்டிருந்த அவள் தம்பி சிங்காரவேலு. கூடத்துக்கும் அடுப்படிக்கும் இடையே ஓயாமல் நடந்துகொண்டிருந்த நாத்தனார் ருக்குமணி. மாடியில், வரும் மாதம் கல்யாணப் பெண்ணாகப் போகிற மகள் நித்திலா. வேறு யாரும் இல்லை. இருந்திருந்தால் அவர்களும் மீனை எப்படி வறுக்க வேண்டும் என்று ஆளுக்கொரு யோசனை சொல்லியிருப்பார்கள்.

சிங்காரவேலு இந்த வீட்டில் கை நனைத்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வருவதில்லை என்று சொல்ல முடியாது. வராமல் இருந்திருந்தால்கூடத் தேவலை, ஊருக்கு ஒரு பதில் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கலாம். வருவான். தண்ணீர் மோட்டார் நின்றுபோனால் வருவான். குலசேகரனுக்குச் சர்க்கரை ஏறி மயக்கம் வந்தபோது முதலில் வண்டியோடு வந்து நின்றவன் அவன்தான். பொங்கலுக்குக் கரும்பு கொண்டுவந்து வாசலில் சாத்திவைப்பான். காப்பி குடிப்பான், முறுக்குத் தின்பான், பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பான். குக்கர் விசில் அடித்ததோ இல்லையோ, செருப்பைத் தேடத் தொடங்கிவிடுவான். காப்பி கணக்கில் சேராது, சோறு சேரும். இந்தச் சட்டத்தை எவன் இயற்றினான் என்று தமயந்தி பலமுறை யோசித்திருக்கிறாள், ஆனால் கடலூரில் அதைத் தெரியாதவர் யாரும் இல்லை. ஒருவன் உறவா இல்லையா என்பதை அவன் வாய் சொல்ல வேண்டியதில்லை, தட்டு சொல்லிவிடும். நித்திலாவுக்கு மேடையில் மாலை எடுத்துக் கொடுக்க வேண்டியவன் தாய்மாமன். கொடுப்பான், அதில் குறை வைக்க மாட்டான். கொடுத்துவிட்டுப் பந்தி நடக்கும்போது மண்டபத்து வாசலில் போய் நின்றுகொள்வான். விழுப்புரத்திலிருந்து வருகிற சம்பந்தி வீட்டார் கண்ணில்லாதவர்களா? பெண்ணுக்குச் சொந்த மாமனே இலையில் உட்காராத கல்யாணத்தில் நாங்கள் எப்படி உட்காருவது என்று அவர்களில் ஒரு பெரியவர் கேட்டால் போதும், அத்தனை பேரும் எழுந்துவிடுவார்கள். எழுந்தவர்களை எதைச் சொல்லி உட்காரவைப்பது? இன்று இந்த வீட்டில் அவன் சாப்பிட்டுவிட்டால் அன்று மண்டபத்திலும் சாப்பிடுவான். இன்று போய்விட்டால் அன்றும் போய்விடுவான். ஆகவேதான் காலையில், காப்பித் தம்ளர்களைக் கழுவுவதற்கு முன்பே, மூன்று பேரையும் நிறுத்திவைத்து, தான் பாடம் நடத்தும் வேதியியல் வகுப்பில் அமிலப் புட்டியைத் திறக்குமுன் பிள்ளைகளுக்குச் சொல்வதைப்போலச் சொல்லியிருந்தாள்: யாரும் அவனைச் சாப்பிடச் சொல்லக் கூடாது, ஜாடையாகக்கூடச் சொல்லக் கூடாது, சொன்னால் முறுக்கிக்கொண்டு போய்விடுவான், சமையலும் விருந்துபோல இருக்காது, ஞாயிற்றுக்கிழமைச் சமையல், அவ்வளவுதான், தட்டுகளை வைப்பேன், உட்கார்ந்தால் உட்காரட்டும். மூவரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் இந்த வீட்டை மிஞ்ச ஆளில்லை.

சோறு வடித்தாயிற்று, பருப்பைக் கடைந்தாயிற்று, மிளகு ரசம் நுரைகட்டி இறங்கிவிட்டது, புடலங்காய்ப் பொரியலில் தேங்காய் தூவி மூடி வைத்தாயிற்று; இனி மீன் ஒன்றுதான். எல்லாவற்றையும் முன்னதாக முடித்துவிட்டு மீனைக் கடைசியில் வைத்துக்கொள்வது அவள் வழக்கம், ஏனென்றால் வறுத்த மீன் காத்திருக்காது, காத்திருந்தால் சவுக்குச் சவுக்கென்று ஆகிவிடும். ஆனால் இப்படியா வாங்கிவருவது? வறுவலுக்கு என்று சொல், விரல் கனத்துக்கு மேல் வேண்டாம் என்று சொல், பக்கத்தில் நின்று பார் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியும், முதுநகர் மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவரோடு தேர்தல் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார் குலசேகரன். குழம்புக்குப் போடுகிற கனத்தில் துண்டுகள் வந்து சேர்ந்திருக்கின்றன. மேலே கருகும், உள்ளே பச்சையாக இருக்கும். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், மிளகு, பூண்டு விழுது, உப்பு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. இதற்கு மேல் வஞ்சிரத்துக்கு ஒன்றும் வேண்டாம். அரிசிமாவு தூவினால் மொறுமொறுப்பாக இருக்குமே என்றாள் ருக்குமணி. வேண்டாம் அண்ணி. கொஞ்சம் சோம்பு? வேண்டாம் அண்ணி. எங்கள் மாமியார் வீட்டில் முட்டையை அடித்து ஊற்றுவார்கள். உங்கள் மாமியார் வீட்டில், என்று தொடங்கியதைத் தமயந்தி பல்லுக்குள் நிறுத்திக்கொண்டாள், அந்த வீட்டைப் பற்றி ருக்குமணிக்கே நல்லதாகச் சொல்ல ஒன்றும் கிடையாது, முட்டை ஒன்றுதான் மிச்சம். இரும்புக் கல்லைக் காயவைத்து, எண்ணெயை ஊற்றி, அது இளகிப் பளபளக்கும்வரை பொறுத்து, நான்கு துண்டுகளை ஒன்றோடொன்று இடிக்காமல் வைத்தாள். சீறியது. அந்தச் சத்தம் கூடத்துக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றும், கேட்டுவிட்டதே என்றும் ஒரே நேரத்தில் தோன்றியது. இனிப் பொறுத்திருக்க வேண்டும். மீனில் உள்ள ஈரம் வற்றி, அடியில் ஒரு பொருக்கு உண்டாகும்வரை அது கல்லைப் பற்றிக்கொண்டுதான் இருக்கும், பொருக்கு உண்டானதும் தானே விட்டுவிடும், அதற்கு முன்னால் தோசைத்திருப்பியைக் கொடுத்து நெம்பினால் தோல் கல்லோடும் சதை கரண்டியோடும் போகும். இதைப் பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு நிமிடத்தில் விளக்கிவிடலாம். குலசேகரனுக்கு முப்பது வருடமாக விளக்க முடியவில்லை. அடுப்படிப் பக்கம் வந்தால் கை தானாகத் திருப்பிக்குப் போகும்.

கூடத்தில் அவர் குரல். மழையைப் பற்றிப் பேசுகிறார். பேசட்டும், மழை நல்ல விஷயம், மழையில் சோறு கிடையாது. பரவனாற்றில் தண்ணீர் வந்திருக்கிறதாம். தம்பி ம் என்கிறான். வந்தால் விளைச்சல் நன்றாக இருக்குமாம். ம். புது அரிசி வருமாம். தமயந்தி நிமிர்ந்தாள். புது அரிசியில் சோறு குழைந்துவிடுகிறது, பழைய அரிசிபோல வருமா, நம் வீட்டில் இப்போது பழைய அரிசிதான், என்று அவர் போய்க்கொண்டிருக்கையில் அவள் ஓர் எவர்சில்வர் மூடியை எடுத்து மேடைமேல் ஓங்கிப் போட்டாள். பேச்சு நின்றது. மனிதர் மழையில் தொடங்கி எத்தனை சுருக்க வந்து சேர்ந்துவிட்டார் சோற்றுக்கு! அவருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது, அதுதான் கொடுமை. கெட்ட எண்ணம் உள்ளவன் பார்த்துப் பேசுவான். அன்றைக்கும் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அவர் பணி ஓய்வு பெற்ற மறுவாரம், இதே வீட்டின் மாடியில் பந்தல் போட்டு ஆபீஸ்காரர்களுக்கு வைத்த விருந்து. பிரியாணி வெளி ஆள். மீன் மட்டும் சிங்காரவேலுவின் பொறுப்பு. முதுநகரில் வலைக்கடை வைத்திருப்பவன், படகுக்காரர்கள் எல்லாரையும் தெரியும், இருட்டோடு துறைமுகத்துக்குப் போய் ஏலத்தில் நின்று, இன்னும் விறைப்பு விடாத வஞ்சிரமாகப் பார்த்து எடுத்துவந்திருந்தான். அதோடு விட்டானா, சட்டையைக் கழற்றிவிட்டுப் பனியனோடு நின்று கொல்லையில் வறுத்தவனுக்குக் கை கொடுத்தான், முதல் பந்திக்குத் தானே வாளி தூக்கினான். முதல் பந்தியில் ஆபீஸ்காரர்கள் உட்கார்ந்தார்கள். பெரிய துண்டுகளாகப் பார்த்துப் பார்த்து அவர்களுக்குப் போட்டாயிற்று. அவன் இரண்டாம் பந்தியில் உட்கார்ந்தபோது பரிமாறும் தட்டில் மிச்சம் இருந்தது வால் துண்டு. தாய்மாமனுக்கு, வீட்டு மச்சானுக்கு, மீனைக் கொண்டுவந்தவனுக்கே வால் துண்டு. அதைக்கூட அவன் சகித்திருப்பான். பரிமாறியவர் தயங்குவதைப் பார்த்துவிட்டுக் குலசேகரன் எட்ட நின்றபடி சிரித்துக்கொண்டே சொன்னார்: ‘அட, போடுப்பா, நம்ம ஆளுதானே, அனுசரிச்சுக்குவான்.’ பந்தியில் பாதிப் பேர் சிரித்தார்கள். சிங்காரவேலு இலையைத் தொடாமல் எழுந்தான். மாடிப்படி இறங்கினான். வாசலில் நின்றிருந்த தமயந்தியைக் கடந்துதான் போனான்.

அவள் வாசலில்தான் நின்றிருந்தாள். தாம்பூலத் தட்டோடு நின்றிருந்தாள். ஆபீஸ்காரர்களின் மனைவிமார் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவன் முகத்தைப் பார்த்தாள். என்ன நடந்திருக்கும் என்பது மாடிக்குப் போகாமலே விளங்கிவிட்டது, அந்த முகம் அப்பாவின் முகம். ஒரு வெற்றிலையை எடுத்து யாரிடமோ நீட்டினாள். ஆத்திரம் அடங்கினால் சாயங்காலம் வந்துவிடுவான் என்று நினைத்தாள், அதில் என்ன தவறு? வந்தான், மறுவாரமே வந்தான், காப்பி குடித்தான். அதன்பிறகு இந்த வீட்டில் கூப்பிடாதவர் யார்? குலசேகரன் கையைப் பிடித்துக்கொண்டு, மச்சான் நான் விளையாட்டாகச் சொன்னது என்று கெஞ்சிவிட்டார், போனான். ருக்குமணி மூக்கைச் சிந்தினாள், போனான். நித்திலா தோளைப் பிடித்து இழுத்தாள், சட்டைப் பித்தான் ஒன்று அறுந்து விழுந்தது, அதைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போனான். ஆகவே கூப்பிட்டால் போய்விடுவான் என்பது நிரூபணமாகிவிட்டது. சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாயிற்று, முடிவு மாறவில்லை. அதனால்தான் இன்றைக்கு வாயைத் திறக்கக் கூடாது என்கிறாள், இது புரியாமல் நித்திலா காலையில், அம்மா நீ ஏன் இதை யுத்தம் மாதிரி நடத்துகிறாய் என்று கேட்கிறாள். யாருக்காக நடத்துகிறேனாம்? மாமா சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் என் கல்யாணம் நடக்கும் என்கிறாள். நடக்கும், ரிஜிஸ்தர் ஆபீசில்கூட நடக்கும், நாலு பேர் எழுந்துபோன பந்தலில் எப்படி நடக்கும் என்பதை இந்தப் பெண் பார்த்ததில்லை.

துண்டின் ஓரம் வெளுத்துக்கொண்டு வந்தது. இன்னும் விடவில்லை. தீயைக் கொஞ்சம் தணித்தாள். கனமான துண்டு, பாவி மனிதர், கனமான துண்டு. பின்கட்டில் ஏதோ சரசரத்தது. எட்டிப் பார்த்தால், ருக்குமணி கையில் அரிவாளோடு வாழை மரத்தடியில் நிற்கிறாள். இலை எதற்கு அண்ணி என்று அடிக்குரலில் கேட்டாள். ஒன்றே ஒன்றுதான், தம்பிக்கு மட்டும், மரியாதைக்கு, என்றாள் ருக்குமணி. நான்கு பேருக்குத் தட்டும் ஒருவனுக்கு இலையுமாகப் போட்டால் அவனைத் தனியாக உயர்த்தி உட்காரவைத்திருக்கிறோம் என்று கல்லுக்கும் தெரியும், இன்று வேண்டாம் அண்ணி, என்று சொல்வதற்குள் அவள் நுனி இலையாகத் தேடி மரத்தின் மறுபக்கம் போய்விட்டாள். ஒருத்தி மரியாதையால் கெடுக்கிறாள், ஒருவர் மழையால் கெடுக்கிறார். தமயந்தி திரும்பி வந்து கல்லின் முன் நின்றாள், எண்ணெய் முன்கையில் தெறித்தது, துடைக்கவில்லை. அப்பாவின் முகம். அப்பா தன் அண்ணன் வீட்டில் சாப்பிட்டு அவள் பார்த்ததே இல்லை. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். பெரியம்மா தாளிக்கிற வாசனை இந்தப் பக்கம் வரும், அப்பா வாசனையைப் பற்றிக்கூடப் பேச மாட்டார். என்ன சண்டை என்று அம்மாவுக்கும் தெரியாது; ஏதோ பங்காளிகள் கூடிய சாப்பாட்டில் ஏதோ ஒரு வார்த்தையாம். பெரியப்பா இறந்தபோது அப்பா முதல் ஆளாகப் போனார், பாடை கட்ட மூங்கில் பார்த்துக் கொடுத்தார், தோள் கொடுத்தார், காரியம் முடிந்து துக்க வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது வெளியே வந்து மின்கம்பத்தில் சாய்ந்துகொண்டு நின்றார். பெரியம்மா ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டார். தமயந்திக்கு அப்போது பதினான்கு வயது இருக்கும். பெரியம்மாவின் கை அந்தரத்தில் சிறிது நேரம் அப்படியே நின்றதை அவள் பார்த்தாள். அப்பாவை அன்று அவள் வெறுத்தாள் என்பது உண்மை. அவர் நிமிர்ந்து நின்ற விதத்தைப் பார்த்து உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைப்பட்டாள் என்பதும் உண்மை. பயம் அங்கேதான் இருக்கிறது. இந்தத் தம்பிக்கும் அந்த முதுகெலும்பு வந்திருக்கிறது, அவனுக்குச் சாவு வரைக்கும் நிற்கத் தெரியும். மண்டப வாசலில் நிற்பான். பிறகு ஒருநாள் இந்த வீட்டுச் சாவில் முதல் ஆளாக வந்து எல்லா வேலையும் செய்துவிட்டுக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு நிற்பான்.

‘தண்ணி வேணும்க்கா.’

நிலைப்படியில் நின்றிருந்தான். கூடத்தில் மேசைமேல் குடிதண்ணீர் இருக்கிறது, அவன் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கையை நீட்டினால் எட்டும். தமயந்தி அதைச் சொல்லவில்லை. ஒரு தம்ளரில் மொண்டு கொடுத்தாள். அண்ணாந்து குடித்தான்; காதோரம் நரைத்திருந்தது, இது எப்போது? தம்ளரை வைத்துவிட்டுக் கல்லை எட்டிப் பார்த்தான், வலைக்கடைக்காரன் பார்வை, துண்டின் கனத்தை அளந்துவிட்டது.

‘கொழம்புத் துண்டால்ல இருக்கு. ஒட்டுதா?’

‘ஒட்டாது. யாரும் கை வைக்காம இருந்தா ஒட்டாது.’

சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. கூடத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, மாமா வானிலை அறிக்கை வாசிக்கிறார், ருக்குமணியக்கா தோட்டத்தில் அரிவாளோடு சுற்றுகிறார், நித்திலா மாடிப்படியில் வந்து வந்து எட்டிப்பார்க்கிறாள், சாப்பிடு என்று ஒருவர் வாயிலும் ஒரு வார்த்தை இல்லை என்று வரிசையாகச் சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்தி, ‘நீதான எல்லார் வாயையும் கட்டி வச்சிருக்க’ என்றான்.

மறைத்துப் பயனில்லை. ‘ஆமா. கூப்பிட்டா எந்திரிச்சுப் போயிடுவ’ என்றாள்.

‘யாரு கூப்பிட்டா?’

அவள் திருப்பியைக் கையில் எடுத்தாள், வைத்தாள். இது என்ன கேள்வி? யார் கூப்பிட்டாலும்தான் போனான். அவன் நிலையில் தோளைச் சாய்த்துக்கொண்டு, கோபமே இல்லாத குரலில், அவளுக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது, சொல்லிக்கொண்டு போனான். மாமா பேசுவது ஊருக்கே தெரியும், அவர் வாயிலிருந்து எது வந்தாலும் அன்று ராத்திரியே தனக்கு மறந்துவிடும். இலையை விட்டு எழுந்து வந்தபோது வாசலில் அக்கா நின்றாள். நின்றாளா இல்லையா?

‘ஏன்டா போறேன்னு நீ கேக்கல. சரி, அன்னைக்குக் கூட்டம். நாலு வருசமா மாமா கூப்பிட்டாரு, ருக்குமணியக்கா அழுதாங்க, பொண்ணு சட்டையப் புடிச்சு இழுத்தா. நீ கூப்பிடல. ஒரு தடவகூட. ஒவ்வொரு தடவையும் செருப்ப மெதுவாத்தான் மாட்டுவேன். பாத்திரத்த உருட்டிக்கிட்டு உள்ளயே நிப்ப.’

பொய் என்று சொல்ல வாயெடுத்தாள். நினைவில் தேடினாள், ஒரு நாள், ஒரே ஒரு நாள் கூப்பிட்டிருக்க மாட்டேனா. போன தீபாவளிக்கு, அவன் கிளம்பும்போது, கறி கொதித்துக்கொண்டிருந்தது, குலசேகரனைத்தான் அனுப்பினாள். மோட்டார் பழுதுபார்த்த அன்று ருக்குமணியை அனுப்பினாள். ஆள் அனுப்பியிருக்கிறாள், தான் போகவில்லை. ஏன் போக வேண்டும்? அம்மா படுக்கையில் விழுந்தபோது இவனுக்கு ஆறு வயது, கல்லூரிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வலது கையால் இவனுக்கு ஊட்டியவள் அவள், அப்போது யார் யாரைக் கூப்பிட்டார்கள்? பசித்தால் வந்து பக்கத்தில் உட்காருவான், வாயைத் திறப்பான். கூப்பிட்டு வருகிறவன் வேற்றாள். இவனைக் கூப்பிடுவது என்பது இவனை அந்நியனாக்குவது. தன் தம்பிக்கு, தன் வீட்டில், தன் சோற்றைத் தின்ன அழைப்பு வேண்டுமா? நம்ம ஆள்தானே. அந்த இடத்தில் எண்ணம் முட்டிக்கொண்டு நின்றது. நம்ம ஆளுதானே, அனுசரிச்சுக்குவான். மாடியில் அந்த மனிதர் சிரித்துக்கொண்டே சொன்னதற்கும், கீழே அவள் வெற்றிலையை எடுத்து யாரிடமோ நீட்டியதற்கும் இடையே என்ன பெரிய வித்தியாசம்? அவர் வாயால் சொன்னார், இவள் வாயைத் திறக்காமல் சொல்லியிருக்கிறாள், ஒருமுறை அல்ல, ஒவ்வொரு முறையும். முப்பது வருடமாக அவரை வாய் அடக்கத் தெரியாதவர் என்று ஏசியாயிற்று. தன் வாயை அடக்கியதற்கு என்ன பெயர் வைப்பது? எரிச்சல் வந்தது, அது இப்போது யார்மேல் என்பதுகூடத் தெளிவாக இல்லை. இவன்மேல், இதைச் சொல்ல நான்கு வருடம் எடுத்துக்கொண்டவன்மேல். கம்பத்தில் சாய்ந்து நின்ற அப்பாமேல். இந்தக் கனத்த துண்டுகள்மேல். ஒரு வார்த்தை. மூன்று எழுத்தோ நான்கு எழுத்தோ, நாளொன்றுக்கு எத்தனை பேரிடம் சொல்கிறாள், பால்காரர் பிள்ளையிடம் சொல்கிறாள், வகுப்பில் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளிடம் சொல்கிறாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. சொன்னபிறகும் இவன் போய்விட்டால்? பெரியம்மாவின் கை அந்தரத்தில் நின்றதே, அதுபோல நின்றால்? மற்றவர்கள் கேட்டு மறுத்ததைத் தாங்கிக்கொண்டார்கள், துடைத்துக்கொண்டு மறுபடியும் கேட்டார்கள். அவள் தாங்குவாளா?

கருகல் வாசனை மூக்கில் ஏறியது. சட்டென்று திருப்பியைக் கொடுத்தாள். துண்டு தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. ஓரத்தில் மட்டும் கறுப்பு, மற்றபடி நல்ல செம்பழுப்பு. அடுத்ததைத் திருப்பினாள். அதற்கடுத்ததை. அவன் இன்னும் நிலைப்படியில் நின்றான். கூடத்துக் கடிகாரம் அடித்தது. அவன் பார்வை வாசலை நோக்கி, செருப்பு கிடக்கும் இடத்தை நோக்கிப் போய்வந்ததை அவள் பார்த்தாள்.

‘உக்காருடா’ என்றாள். கல்லைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். குரல் வகுப்பறைக் குரலாக வெளிவந்தது, வேறு குரல் கைவசம் இல்லை. ‘உக்காந்து சாப்பிட்டுத் தொலை.’

அழைப்பா அது, வசவா என்று வேறு யாராவது கேட்டிருந்தால் அவளால் பதில் சொல்லியிருக்க முடியாது. அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யவில்லை. அந்த நேரம் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாது. நான்காவது துண்டைத் திருப்ப மறந்துபோகிற அளவு. பிறகு அலமாரியிலிருந்து தட்டு எடுக்கப்படும் சத்தம் கேட்டது. அவனே எடுத்துக்கொண்டான். குழாயடியில் கை கழுவிவிட்டு வந்து, கூடத்துக்குப் போகாமல், அடுப்படியில் அரிசி டிரம்மை ஒட்டித் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். சோற்றை வைத்தாள். பருப்பு ஊற்றினாள். பொரியல். கல்லிலிருந்து ஒரு துண்டை எடுத்து வைத்தாள், நடுத்துண்டு. அப்போதுதான் ருக்குமணி நுனி இலையை ஏந்திக்கொண்டு மூச்சிரைக்க வந்து நின்று, கீழே பார்த்துவிட்டு, வாயைப் பிளந்தாள்.

‘எல எதுக்குக்கா? கல்யாணம் அடுத்த மாசந்தான?’ என்றான் சிங்காரவேலு, சோற்றைப் பிசைந்துகொண்டே. ருக்குமணி இலையைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டாள்.

சாப்பிட்டான். முதல் கவளத்தை அவன் வாயில் வைக்கும்போது தமயந்தி பார்க்கவில்லை, அடுத்த துண்டுகளைக் கல்லில் வைத்துக்கொண்டிருந்தாள், இரண்டாவதைப் பார்த்தாள். மீனை முள் ஓட்டத்தோடு பிரித்து, தோலைத் தனியே ஒதுக்கிக் கடைசிக்கு வைத்துக்கொள்ளும் அதே பழக்கம். உள்ளே வெந்திருந்தது, வெள்ளையாக அடுக்கு அடுக்காகப் பிரிந்தது. உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது துண்டைக் கேட்காமலே வைத்தாள், மறுக்கவில்லை. மாடிப்படியில் காலடிச் சத்தம் இறங்கி வந்து பாதியில் நின்றது. நித்திலா கம்பிக்கிடையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள், பார்த்தவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது, இன்னும் ஒரு கால்மணி நேரம் இப்படியே போயிருக்கலாம், அவன் பாட்டுக்குச் சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்கலாம், ஒருவரும் ஒன்றும் பேச வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் கூடத்தில் பேச ஆளில்லாமல் போன குலசேகரன் எழுந்து வந்தார். நிலைப்படியில் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். தட்டைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், முகம் முழுக்க மலர்ந்தது. தமயந்தி திருப்பியை உயர்த்தினாள், கண்ணால் எரித்தாள், பயனில்லை.

‘பாத்தியாக்கா!’ என்றார் ருக்குமணியிடம். ‘நாலு வருசம் வீம்பு பண்ணினான். நம்ம வீட்டு மீனு வாசம் விடுமா? கை நனைச்சுட்டான் மச்சான்!’

சிங்காரவேலுவின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.

மீன் கல்லில் பொரிந்துகொண்டிருந்தது. தமயந்திக்குள் ஒரே நேரத்தில் எல்லாம் எழுந்தன: கணவருக்குச் சொல்ல வேண்டியவை, அவருடைய தேர்தல், மழை, வால் துண்டு, ஆபீஸ்காரர்களின் சிரிப்பு, தம்பிக்குச் சொல்ல வேண்டியவை, செருப்பை மெதுவாக மாட்டினேன் என்கிறவனுக்கு, வாயைத் திறந்து ஒருமுறை கேட்டால் என்னடா என்று கேட்க வேண்டியவை, ருக்குமணியின் முதுகுக்குப் பின்னால் கசங்கிக்கொண்டிருந்த இலைக்குக்கூட ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. நன்றாகக் கட்டப்பட்ட வாக்கியங்கள், ஒன்றுகூட வீணாகாது, ஒவ்வொன்றும் தைக்கும். அவன் தலையைத் தாழ்த்திக்கொண்டு, விரலிடையில் இருந்த சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். காதுமடல் சிவந்திருந்தது. பிறகு அந்தக் கவளத்தை வாயில் போட்டுக்கொண்டான். மென்றான். விழுங்கினான். மிச்சச் சோற்றை நடுவில் குழித்துவைத்துக்கொண்டு, யாரையும் நிமிர்ந்து பாராமல், ‘ரசம் ஊத்துங்க’ என்றான்.

ருக்குமணி இலையைக் கீழே போட்டுவிட்டுக் கரண்டியைத் தேடினாள். குலசேகரன், சூடாக ஊற்று அக்கா, நிறைய ஊற்று என்று அடுத்த பேச்சைத் தொடங்கிவிட்டார். தமயந்தி அவரைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். வாக்கியங்கள் இன்னும் அங்கேயே இருந்தன, பல்லுக்கு இந்தப் பக்கம், வரிசையாக. இன்னும் ஒரு நிமிடம் இங்கே நின்றால் அவற்றில் ஒன்று வெளியே வரும், வந்தால் அவன் எழுந்துவிடுவான், இம்முறை எழுந்தால் எழுந்ததுதான். இந்த வீட்டில் இந்த நேரத்தில் ஆபத்தான வாய் தன்னுடையதுதான் என்பது அவளுக்கு ஐயமறத் தெரிந்தது. கல்லில் கிடந்த துண்டுகளைத் திருப்பிப் போட்டாள். தீயைத் தணித்தாள். திருப்பியை ருக்குமணியின் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, கொல்லைக் கதவைத் திறந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியே போனாள்.